மலைக்கு ஓட்டுவது நான்தான்

மார்ச் 3, திங்கள்

இன்றும் பன்னிரண்டாம் வளைவில் முள் ஏறிவிட்டது. ஆயில் சூடு நூற்றிருபத்தெட்டு டிகிரி. பக்கத்தில் இருக்கும் பிரஷர் முள் இரண்டுக்குக் கீழே இறங்கித் தடுமாறியது. கொக்கியில் சரக்கோடு ஒரு வேன், பின்னால் ஏழெட்டு வண்டிகளின் ஹாரன் அலறல். நான் ஓரம் கட்டி, கியரை நியூட்ரலில் போட்டு, எஞ்சினை அணைக்காமல் அப்படியே ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். வேன்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். "ஏம்மா, உங்க வண்டியை இழுக்க இன்னொரு வண்டி வருமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை கதவைத் திறந்துவிட்டார். "நடந்து போறீங்களா? கொக்கியக் கழட்டிவிடட்டுமா?" அந்த ஆள் திரும்பிப் போய் வேனில் ஏறிக்கொண்டார். என் மாமியாருக்கு அறுபது தாண்டிவிட்டது. கொக்கி மாட்டுவது, சிவப்புக் கொடி காட்டுவது, சண்டைக்குப் போவது, இந்த மூன்றும் எங்கள் ரெக்கவரி வண்டியில் அவர் இலாகா.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர், இந்த மனுஷன். கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்கிறார்: "நீ ஓட்டினா மட்டும்தான் சூடாகுது. நானும் எத்தனையோ தடவை ஏத்திப் பாத்துட்டேன். நூத்தஞ்சைத் தாண்டினதே இல்ல. வண்டியில ஒண்ணும் இல்ல. மிதிக்கிறதுல இருக்கு."

மிதிக்கிறதுலயாம். ஒன்பது வருஷமாக இந்த மலையில் கவிழ்ந்ததையும் நின்றதையும் இழுத்துக்கொண்டு வருகிறவள் நான். அவர் ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வருவதே வண்டியைச் சோதிக்கத்தான்.

அதையும் பொறுத்துக்கொள்வேன். அடுத்துச் சொன்னதுதான் தாங்கவில்லை. மாசக் கடைசியில் மலைப்பாதைக்குத் தேர்வு வருகிறது. பாதையைப் பராமரிக்கும் கம்பெனி இரண்டே இரண்டு ரெக்கவரி வண்டிகளை வைத்துக்கொள்ளும். ஒன்று பகலுக்கு, ஒன்று இரவுக்கு. மற்ற வண்டிகளுக்கு மலையில் வேலை கிடையாது. தேர்வன்று யார் ஓட்டிக் காட்டுகிறாரோ அவர்தான் வருஷம் முழுக்க டிரைவர். "டெஸ்டுக்கு நான் ஓட்டிக்கிறேன். நீ ஒர்க்‌ஷாப்பைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

எதைப் பார்த்துக்கொள்ள? ஸ்பேனர் எல்லாம் ஓடிப்போகாமலா?

மலைக்கு ஓட்டுவது நான்தான். நாளைக்குக் கோபம் ஆறினாலும் இது மாறக் கூடாது என்றுதான் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 4

அவரோடு பேசவில்லை. அவரும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அத்தை பேசிக்கொண்டிருந்தார்.

மார்ச் 6, வியாழன்

சரி, வண்டியைப் பார்க்கிறேன் என்று இன்று மனமிரங்கினார். முன் பம்பரில் தொங்கும் இரண்டு பழைய டயர்களையும் கழற்றிச் சுவரில் சாய்த்தார். நின்றுபோன வண்டியைப் பின்னாலிருந்து முட்டித் தள்ளும்போது நசுங்காமல் இருக்க நாங்கள் கட்டி வைத்திருக்கும் மெத்தை அவை. கிரில்லைத் திறந்து ஆயில் கூலரைக் கழுவினார். ஆயிலும் ஃபில்டரும் மாற்றினார். சூடு காட்டும் முள் பொய் சொல்கிறதா என்று வேறொரு மீட்டரை வைத்து ஒத்துப் பார்த்தார். சும்மா சொல்லக் கூடாது, வேலை சுத்தமான மனுஷன்தான்.

பிறகு ஒர்க்‌ஷாப்பில் கிடந்த ஒரு வண்டியைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு, நடுநடுவே இறங்கிக் குழாயைத் தொட்டுப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று டயர்களை அங்கேயே விட்டுவிட்டு மலையேறிப் போனார். சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். நூற்று நாலு. அதற்கு மேல் அசையவில்லையாம்.

"பாத்தியா?" என்றார்.

பார்த்தேன். பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினேன்.

மார்ச் 9, ஞாயிறு

மிதிக்கிறதுல இருக்கு, மிதிக்கிறதுல இருக்கு. மூன்று நாளாகக் காதுக்குள் இதுதான். நான் எப்படி மிதிக்கிறேன் என்று எழுதிப் பார்த்தாலாவது தெரியுமா?

எங்கள் வண்டியில் டர்போ இருக்கிறது. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். அதனால்தான் இவ்வளவு சின்ன வண்டி தன்னைவிடப் பெரிய வேனை இழுத்துக்கொண்டு மலையேறுகிறது. அந்தச் சக்கரத்தின் தண்டு இரும்பில் உட்கார்ந்திருக்கவில்லை. ஆயிலின் மெல்லிய படலத்தில் மிதக்கிறது. ஆயில் அளவுக்கு மீறிச் சூடானால் தண்ணீராய் இளகிவிடும். இளகினால் பிரஷர் விழும். பிரஷர் விழுந்தால் தண்டு இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். இவ்வளவுதான் கதை.

இது எனக்குத் தெரியாதா? காலையில் ஆயில் வெதுவெதுப்பாகும்வரை நான் வண்டியை விரட்டுவதே இல்லை. மேலே ஏறி முடித்ததும் உடனே அணைப்பதும் இல்லை. அணைத்தால் ஆயில் பம்பும் நின்றுவிடும். கொதிக்கிற டர்போவுக்குள் மாட்டிக்கொண்ட ஆயில் கருகிக் கரியாகும். மூன்று நிமிஷம் சும்மா ஓடவிட்டுத்தான் சாவியைத் திருப்புவேன். "இந்த வண்டிய எழுப்புறதுக்கும் தூங்கவைக்கிறதுக்கும் நீ படுற பாட்டுல பாதி எம்புள்ளைக்குப் பட்டிருந்தா அவன் இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவானா?" என்கிறார் அத்தை.

அப்புறம் ஏன் எனக்கு மட்டும் சூடாகிறது? தெரியவில்லை. தெரியவில்லை என்பதற்காக நான் தோற்றதாக அர்த்தம் இல்லை.

மார்ச் 11

யாருக்கும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். அவர் வெளியே போயிருந்தபோது ஆயிலை வடித்துவிட்டு, கடையில் இருந்ததிலேயே கெட்டியான ஆயிலை ஊற்றினேன். சூட்டில் இளகுவதுதானே பிரச்சினை? கெட்டியாக இருந்தால் எப்படி இளகும்?

ஸ்டார்ட் செய்தேன். பிரஷர் முள் விறுவிறுவென்று ஏறி ஆறில் போய் நின்றது! இந்த வண்டியில் இப்படி நான் பார்த்ததே இல்லை. இனி யார் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

மார்ச் 12

மூக்கு உடைந்தது. காலையில் சாவியைத் திருப்பியதும் டர்போவிலிருந்து ஒரு கீச்சுச் சத்தம். அவர் முகத்தில் சோப்போடு குளியலறையிலிருந்து ஓடி வந்தார். "நிறுத்து! நிறுத்து! என்ன ஊத்தின?"

சொன்னேன்.

"முள்ளப் பாத்து ஏமாந்துட்டியா? ஆயில் நகர மாட்டேங்குதுன்னுதான் பிரஷர் ஏறுது. ஏறினதும் வால்வு திறந்து பாதி ஆயிலத் திருப்பிக் கீழயே கொட்டிடும். டர்போவுக்குப் போற குழாய் இத்தனூண்டு. அதுல இந்தப் பாகு எப்பப் போய்ச் சேரும்? அது வரைக்கும் தண்டு காஞ்சு சுத்தும்."

சோப்பு கண்ணில் இறங்கிவிட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டே திட்டினார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தப்பு என்னுடையதுதான். தண்டு தப்பித்துவிட்டது என்று அவர் கழற்றிப் பார்த்துச் சொல்லும்வரை எனக்கு உயிரில்லை. ஆனால் கடைசியில் ஒன்று சொன்னார் பாருங்கள்: "இதுக்குத்தான் சொல்றேன், டெஸ்ட நான் பாத்துக்கிறேன்னு."

ஆயில் ஊற்றத் தெரியாததும் ஓட்டத் தெரியாததும் ஒன்றா? இவர் சமைத்தால் உப்பு கூடுகிறதே, அதற்காக இவரைச் சாப்பிடக் கூடாது என்று சொன்னேனா?

மார்ச் 13

பழையபடி அதே ரக ஆயிலை ஊற்றியாயிற்று. மலையில் மறுபடியும் நூற்றிருபத்தாறு.

மார்ச் 16, ஞாயிறு

அடிவாரத்து டீக்கடையில் மீசைக்காரரைப் பார்த்தேன். அவரிடமும் ஒரு ரெக்கவரி வண்டி இருக்கிறது, எங்களுடையதைவிடப் பெரியது. "என்னம்மா, பன்னெண்டாவது வளைவுல வாடகைக்கு வீடு பாத்துட்டியாமே?" என்றார். கடையே சிரித்தது. பாதைக் கம்பெனியின் மேற்பார்வையாளரும் அங்கேதான் நின்றிருந்தார். தேர்வு நடத்தப் போகிறவர் அவர்தான். அவர் சிரிக்கவில்லை, "உங்க வீட்டுக்காரர்தான வந்து ஓட்டுவாரு?" என்று மட்டும் கேட்டார். சிரித்திருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

"நான்தான் சார் ஓட்டுவேன்" என்றேன். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். டீயை விட்டதுதான் இப்போது வருத்தமாக இருக்கிறது.

மார்ச் 19, புதன்

சந்தோஷம் தாங்கவில்லை.

காலையில் ஒரு கார் வளைவில் சறுக்கிப் பாறையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. இழுத்தால் கதவு முழுக்கக் கீறிவிடும். அத்தை முன்னால் தொங்கிய டயர்கள் இரண்டையும் அவிழ்த்து, காருக்கும் பாறைக்கும் நடுவே செருகினார். அலுங்காமல் வெளியே வந்த காரை அப்படியே கொக்கியில் மாட்டினோம். மழை தூற ஆரம்பித்துவிட்டதால் டயர்களை மறுபடி முன்னால் கட்டப் பொறுமையில்லாமல் பின்னால் தூக்கிப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டார். மழையும் அடுத்த வளைவிலேயே நின்றுவிட்டது.

பன்னிரண்டாம் வளைவு வந்தது. நூற்று இரண்டு. முள் மாட்டிக்கொண்டதோ என்று விரலால் தட்டினேன். பதினைந்து, பதினெட்டு, உச்சி. நூற்றாறு! பிரஷர் மூன்றரையில் அசையாமல் நின்றது. அதே நான். அதே கால்.

உச்சியில் இறங்கி வண்டியைச் சுற்றி வந்தேன். முன்னால் வந்ததும் நின்றுவிட்டேன். கிரில் வெறுமையாக, திறந்து கிடந்தது. அதற்குப் பின்னால், காற்றுப் பட்டால்தான் ஆயிலைக் குளிரவைக்கும் கூலர் முழுசாகத் தெரிந்தது. இத்தனை நாளும் அந்த இரண்டு டயர்களும் அதன் வாயைப் பொத்திக்கொண்டு தொங்கியிருக்கின்றன. சமவெளியில் வேகமாகப் போகும்போது எப்படியோ இடுக்கில் காற்று புகுந்துவிடும். பளு இழுத்துக்கொண்டு நடைவேகத்தில் மலையேறும்போது காற்று ஏது?

வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவை சோதிக்கும்போதும் முதல் வேலையாக எதைச் செய்வார்? டயரைக் கழற்றுவார். சோதித்து முடித்ததும், ரொம்பப் பொறுப்பாக, மறுபடி மாட்டி என்னிடம் கொடுப்பார்.

"அத்தை!" என்று கத்தினேன். பாம்பு ஏதோ வந்துவிட்டது என்று நினைத்து அவர் சீட்டின் மேலேயே ஏறிவிட்டார்.

மார்ச் 20, வியாழன்

நேற்றுச் சொன்னபோது நம்பவில்லை. "மழை பெஞ்சிருக்கு, குளிர்ந்திருக்கும்" என்றார்.

"சரி. டயரை மாட்டிட்டு நீங்களே ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து வர்றேன். மூச்சு விட மாட்டேன்."

ஒர்க்‌ஷாப்பில் கிடந்த அதே வண்டி கொக்கியில். வெயிலும் அன்றைக்குப் போலவே. அவர் ஓட்டினார், நடுவில் அத்தை, ஓரத்தில் நான். அழகாகத்தான் ஓட்டினார், ஒரு குறையும் சொல்ல முடியாது. எட்டாம் வளைவில் நூற்றுப் பதினைந்து. பத்தில் நூற்றிருபது. அவர் காது சிவக்க ஆரம்பித்தது. பன்னிரண்டில் நூற்றிருபத்தேழு, பிரஷர் முள் தடுமாற்றம், ஓரம் கட்டினார். நான் எங்கே நிறுத்துவேனோ அதே இடம்.

நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தைதான் நேராகப் பாதையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "டேய், இப்ப மிதிச்சது யாரு?"

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். "நான் எப்பவும் கழட்டிட்டுத்தான்..." என்று ஆரம்பித்தார். இறங்கிப் போய்த் தன் கையாலேயே டயர்களை அவிழ்த்தார். மீதி மலையை நான் ஓட்டினேன்.

மார்ச் 21

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். நான் ஒரு முட்டாள்.

இரவுச் சாப்பாட்டின்போது மெதுவாக ஆரம்பித்தார். "உன்மேல தப்பில்ல. ஒத்துக்கிறேன். இருந்தாலும் டெஸ்டுக்கு நானே ஓட்டுறேனே. டெஸ்ட் எடுக்குற ஆளு ஒரு மாதிரி. பொம்பள ஓட்டினா எதையாவது நோண்டுவான். நமக்கு வேலைதான முக்கியம்?"

நமக்கு. நல்ல வார்த்தை. முள் ஏறியபோது மட்டும் அது 'நீ'. டெஸ்ட் என்றதும் 'நமக்கு'.

கத்திவிட்டேன். என்னென்னவோ சொன்னேன். "வண்டி சூடாச்சுன்னீங்க, சரி, காரணம் கண்டுபிடிச்சுக் குடுத்தேன். இப்ப அந்த ஆளு சூடாவான்னு சொல்றீங்க. அவனுக்கும் நானே கூலர் மாட்டணுமா? நான் ஓட்டலேன்னா அந்த வண்டி இந்த வீட்டு வாசலைத் தாண்டாது. சாவி எங்கிட்ட இருக்கு." சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுத்திருக்கிறேன். சின்னப்பிள்ளைத்தனம்தான். இருக்கட்டும். முதுகில் குத்துகிறது, அதுவும் இருக்கட்டும்.

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். அதிகாரி என்று ஒருவர் எதிரில் வந்தால் குரல் தானாக இறங்கிவிடும் அவருக்கு. அந்தப் பயத்துக்கு நான் ஏன் இடம் விட்டுக்கொடுக்க வேண்டும்?

மார்ச் 24, திங்கள்

தேர்வு விதியில் முட்டுவதற்கு மெத்தை கட்டாயம் என்று இருக்கிறது. அதனால் டயர்களை வண்டிக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறேன். கேட்டால் எடுத்து முன்னால் மாட்டிக் காட்ட வேண்டியதுதான். அத்தை காலையிலிருந்து மாட்டி மாட்டிக் கழற்றுகிறார். தெருவே வேடிக்கை பார்க்கிறது. மாட்டுவதற்குச் சுலபமாக யாரோ பம்பரில் இரண்டு வளையங்கள் வெல்டிங் செய்து வைத்திருக்கிறார்கள். நேற்று அவை இல்லை. யார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மார்ச் 27

நாளைக்கு. தூக்கம் வரவில்லை. அவர் கூட வருகிறாரா இல்லையா என்றும் தெரியவில்லை.

மார்ச் 28, வெள்ளி

எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

அடிவாரத்தில் மூன்று வண்டிகள். மீசைக்காரருடையது, வேறொருவருடையது, எங்களுடையது. ஒவ்வொன்றுக்கும் பளு ஏற்றிய ஒரு வேன். நடுவில் நிற்காமல் உச்சிக்குப் போக வேண்டும். என் வீட்டுக்காரரும் வந்திருந்தார். எதுவும் பேசாமல் ஆயில் அளவை மட்டும் பார்த்துத் துடைத்துவிட்டு, கம்பெனி ஜீப்பில் ஏறி மேலே போய்விட்டார். மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார், பிறகு ஜீப் போன திசையைப் பார்த்தார். "அப்ப நீங்கதானா?"

"நான்தான் சார்."

முன்னால் மெத்தை எங்கே என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் அத்தை ஒன்றை மாட்டிவிட்டார். மற்றதை மாட்டி, மறுபடி இரண்டையும் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். அந்த ஆள் நோட்டில் ஒரு டிக் போட்டார்.

ஏறினேன். மூன்றாம் கியரில் முக்கி முக்கி ஏறாமல் இரண்டிலேயே வைத்திருந்தேன். எஞ்சின் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் ஆயில் பம்பும் வேகமாகச் சுற்றும், பிரஷர் விழாது. மீசைக்காரர் கரும்புகை விட்டுக்கொண்டு எப்போதோ கண்ணிலிருந்து மறைந்துவிட்டார். மறையட்டும். இது ஓட்டப்பந்தயம் இல்லை. பன்னிரண்டாம் வளைவு. நூற்று நாலு. அத்தை கண்ணை மூடியிருந்தார். "தாண்டிட்டோம் அத்தை" என்றேன். "அப்படியா" என்று திறந்தார்.

உச்சியில் நூற்றெட்டு. நிறுத்தி நியூட்ரலில் போட்டேன். எங்களைத் தாண்டி முன்னாலேயே பைக்கில் மேலே வந்துவிட்ட மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்தார். "எஞ்சினை ஆஃப் பண்ணுங்க. அடியில பாக்கணும்."

"மூணு நிமிஷம் சார். டர்போ சூடா இருக்கு. இப்ப நிறுத்தினா ஆயில் கருகிடும்."

"மத்தவங்கல்லாம் சொன்னதும் நிறுத்தினாங்க."

"அது அவங்க வண்டி சார்."

அவர் முகம் மாறிவிட்டது. "இது கம்பெனி டெஸ்ட். சொன்னா செய்யணும். இல்லன்னா எழுதிடுவேன்." சாவியைத் திருப்ப ஒரு நொடி போதும். திருப்பினால் இன்றைக்கே டர்போ போய்விடாது, அதுவும் எனக்குத் தெரியும். ஒரு தடவை அணைத்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு வருஷம் முழுக்க இந்த ஆள் தினமும் 'ஆஃப்' என்பார். இன்று திருப்பினால் தினமும் திருப்ப வேண்டும். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "என்ன சார் இது? நீங்களாவது சொல்லுங்க உங்க வீட்டம்மாகிட்ட."

போச்சு என்று நினைத்தேன். அவர் பக்கம் பார்க்கவே எனக்கு மனமில்லை. ஜீப் ஓரத்திலிருந்து மெதுவாக நடந்து வந்தார். குரல் இறங்கித்தான் இருந்தது.

"வண்டி ஓட்டுறது அவங்க சார். எப்ப நிறுத்தணும்னு அவங்களுக்குத் தெரியும்."

அவங்க! கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் முதல் தடவை.

எல்லோரும் காத்திருந்தோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முள் மெல்ல மெல்ல இறங்கித் தொண்ணூற்றாறுக்கு வந்ததும் சாவியைத் திருப்பினேன். மேற்பார்வையாளர் குனிந்து அடியில் பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார்.

கீழே மூன்று பேரும் எங்கள் வண்டியிலேயே வந்தோம். வீட்டுக்கு வந்ததும் அவர் உப்பு அதிகமாகப் போட்டுச் சமைத்தார். முழுக்கச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 2

வந்துவிட்டது. பகல் எங்களுக்கு, இரவு மீசைக்காரருக்கு. கம்பெனியிலிருந்து போன் வந்தபோது, எங்களைப் பற்றி 'சொல்பேச்சு கேட்பதில்லை' என்று மேற்பார்வையாளர் எழுதியிருப்பதையும் சேர்த்தே சொன்னார்கள். அதை நான் மறுக்கப் போவதில்லை, உண்மைதானே?

ஏப்ரல் 17, வியாழன்

மூன்று கார், ஒரு லாரி. முதுகு விட்டுப்போயிற்று. மதியம் சாப்பிட வந்தபோது அவர் போன் அடித்தது. மேற்பார்வையாளர். நாளைக்குப் பெரிய அதிகாரி பாதையைப் பார்க்க வருகிறாராம். ஒரு நாளைக்கு மட்டும் ஆம்பளை யாராவது ஓட்டினால் நன்றாக இருக்கும், நீங்களே வந்துவிடுங்களேன் என்கிறாராம். ஸ்பீக்கரில் எல்லாமே கேட்டது. நான் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. வாய் வரைக்கும் வந்த பதிலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அது சரிப்படாது சார்" என்றார் அவர். "நான் ஓட்டினா அந்த வண்டி சூடாயிடும்."

போனை வைத்துவிட்டு, குழம்பை என் பக்கம் நகர்த்தினார்.